விதைநெல்லைச் சமைத்த நாள்

2009 தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை. போரில் இடம்பெயர்ந்து, வன்னியில் விசுவமடுவில் ஒரு தென்னங்காணிக்குள் தறப்பாள் கட்டியிருந்தோம். அம்மா விதைநெல் மூடையின் வாயைக் கட்டியிருந்த சணல்நூலை அவிழ்த்தார். ஐயா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அக்கராயனை விட்டுப் புறப்பட்டபோது உழவு இயந்திரப் பெட்டியில் கதவு, நிலை, கூரைத்தகரம் எல்லாவற்றுக்கும் முதல் அவர் ஏற்றியது ஆட்டக்காரி விதைநெல் இரண்டு மூடை. போகிற இடத்தில் ஒரு துண்டு வயலைக் குத்தகைக்கு எடுத்தாவது மாரிமழையோடு செய்கிற காலபோகம் விதைத்துவிடலாம் என்பது அவருடைய கணக்கு. தருமபுரத்தில் ஐப்பசி போனது, கார்த்திகை போனது. வயல் கிடைக்கவில்லை. மூடைகள் மட்டும் எங்களோடு இடம்மாறிக்கொண்டே வந்தன.

"விதைநெல்லிலை கை வைக்கிறவன் கமக்காரன் இல்லையெண்டு என்ர ஐயா சொல்லுறவர்" என்றார் ஐயா. அம்மா சுண்டால் நெல்லை அளந்தபடியே கேட்டார்: "பிள்ளையள் பசியோடை படுத்திருக்குதுகள். எந்த வயலுக்கு இதை வைச்சிருக்கிறியள்?" ஐயாவிடம் மறுமொழி இருக்கவில்லை. பக்கத்து வளவு உரலில் குத்தி, அன்றைக்கு அம்மா கஞ்சி காய்ச்சினார். எனக்கு அப்போது 13 வயது. உமி முழுக்கப் போகாத அந்தக் கஞ்சி தொண்டையில் அரித்தது இன்னும் நினைவில் நிற்கிறது.

இப்போது நான் கிளிநொச்சியில் உயர்தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். வருடத்தில் இரண்டு மூன்று தடவையாவது பிள்ளைகளை ஒரு மண்டபத்தில் இருத்தி, வெற்றி பெற்றவர்களின் பழக்கங்களைப் பற்றி யாராவது பேசுவார்கள். காலை 5 மணிக்கு எழும்புங்கள். இலக்கை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். இன்றைய இன்பத்தை நாளைக்குத் தள்ளிப்போடுங்கள். மனதை மாற்றினால் வாழ்க்கை மாறும். பேச வருகிறவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். சிலர் வெளிநாட்டில் இருந்து சொந்தச் செலவில் வருகிறார்கள். அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. மற்றப் பாதி எங்கள் பிள்ளைகளை நோகப்பண்ணுகிறது. சோதனையில் தவறியதற்குத் தன்னுடைய மனம்தான் காரணம் என்று ஒரு பிள்ளை நம்பத் தொடங்கிவிட்டால், அதை அவளிடம் இருந்து கழற்றி எடுக்க எனக்கு இரண்டு தவணை போதாது. அதனால் எந்தப் பாதி எது என்று பிரித்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

பொறுமையில் இருந்து தொடங்கலாம். அநேகமான பேச்சுகளில் ஓர் இனிப்புக் கதை வரும். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பாலர் பாடசாலையில் வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் தொடங்கிய சோதனை அது. நாலு வயதுப் பிள்ளைக்கு முன்னால் மார்ஷ்மெலோ போன்ற ஓர் இனிப்பை வைப்பார்கள். உடனே தின்னலாம். வெளியே போன ஆள் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு கிடைக்கும். கூடுதல் நேரம் பொறுத்திருந்த பிள்ளைகள் வளர்ந்தபின் பல்கலைக்கழக நுழைவுப் பரீட்சையில் கூடுதல் புள்ளி எடுத்ததாக 1990ல் வெளிவந்த தொடர் ஆய்வு காட்டியது. அன்று தொட்டு, பொறுத்தவர் பூமியாள்வார் என்பதை விஞ்ஞானமே ஒப்பமிட்டுத் தந்துவிட்டது போல இந்தக் கதை மேடைக்கு மேடை போகிறது.

மேடையில் சொல்லப்படாத தொடர்ச்சி ஒன்று இருக்கிறது. செலஸ்ட் கிட் என்ற ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் அதே சோதனையைச் சிறிய மாற்றத்தோடு செய்து 2013ல் வெளியிட்டார்கள். 28 பிள்ளைகள். இனிப்பை வைக்கும் முன் அவர்களுக்குப் படம் கீறக் கொடுத்து, "கொஞ்சம் பொறுத்தால் இதைவிட நல்ல கலர்ப் பென்சில் கொண்டு வருவேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். பாதிப் பிள்ளைகளுக்குச் சொன்னபடி கொண்டு வந்தார். மற்றப் பாதிக்கு வெறுங்கையோடு வந்து, இல்லை என்றார். ஒட்டுப்படங்களை வைத்தும் இதையே இன்னொரு முறை செய்தார். அதற்குப் பிறகுதான் இனிப்பு வந்தது. சொல் காப்பாற்றப்பட்ட பிள்ளைகள் சராசரியாக 12 நிமிடம் பொறுத்தார்கள்; 14 பேரில் 9 பேர் முழு 15 நிமிடமும் தொடவில்லை. ஏமாற்றப்பட்ட பிள்ளைகள் 3 நிமிடம்தான் தாங்கினார்கள். 14 பேரில் ஒரேயொருவர் மட்டும் கடைசிவரை இருந்தார். பிறவியில் பொறுமைசாலி, அவசரக்காரர் என்று பிரித்தால் இந்த வித்தியாசம் விளங்காது. பிள்ளைகளைத் திருவுளச்சீட்டுப் போல இரண்டாகப் பிரித்துத்தான் விட்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் ஒரு பெரிய ஆள் சொல் தவறியதுதான் அவர்களுக்கு இடையில் இருந்த ஒரே வேற்றுமை.

2018ல் இன்னொரு ஆய்வு 900க்கு மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளை எடுத்துப் பார்த்தது. காத்திருந்த நேரத்துக்கும் பிறகு எடுத்த புள்ளிக்கும் இடையிலான தொடர்பு முதல் ஆய்வு சொன்னதில் பாதியளவுதான் இருந்தது. குடும்பப் பின்னணி, வீட்டுச் சூழல், சின்ன வயதிலேயே இருந்த கற்கும் திறன் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்தபோது அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்துபோனது.

கிட்டின் ஆய்வை வாசித்த இரவுதான் விசுவமடுவில் அம்மா செய்தது எனக்கு விளங்கியது. ஐயாவிடம் பொறுமை இல்லாமல் இல்லை. ஐந்து மாதம் இரண்டு மூடையைத் தோளில் சுமந்து காத்தவர் அவர். இல்லாமல் போனது, காத்திருந்தவனுக்கு இரண்டாவது இனிப்பைக் கொண்டு திரும்பி வரவேண்டிய அந்த ஆள். அம்மா அதை எங்களுக்கெல்லாம் முதல் கண்டுகொண்டார். மற்ற மூடையை ஐயா பிடிவாதமாக வைத்திருந்தார். அதைச் சுதந்திரபுரத்தில் விட்டுவிட்டுத்தான் ஓடினோம்.

ஆகவே பொறுமை என்பது தனியொருவரின் நெஞ்சுக்குள் மட்டும் இருக்கிற பொருள் என்று என்னால் ஏற்க முடியவில்லை. அதில் பாதி வெளியில் இருக்கிறது. சொன்ன சொல் நடக்கும் என்ற அனுபவம் எங்கே இருக்கிறதோ அங்கே மனிதர் தாமாகவே பொறுக்கிறார்கள். இதற்கு அமெரிக்காவரை போகத் தேவையில்லை. வன்னியின் குளங்கள் இதைத்தான் காட்டுகின்றன.

காடு வெட்டிக் கழனியாக்கிய கதை இங்கே எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தின் நெருக்கடியைக் குறைக்க 1936ல் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியபோது வந்தவர்கள் மலேரியாவையும் யானையையும் பார்த்தபடிதான் நிலம் திருத்தினார்கள். அவர்களுக்குத் துணிவு கொடுத்தது இரணைமடுக் குளத்துத் தண்ணீர். குளம் இருந்தால் போதாது. அந்தத் தண்ணீர் எந்த நாள் வரும் என்று தெரியவேண்டும். இன்றைக்கும் ஒவ்வொரு போகத்துக்கும் முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. நீர்ப்பாசனத் திணைக்களப் பொறியியலாளர், கமநல சேவை உத்தியோகத்தர், கமக்காரர் அமைப்புகளின் ஆட்கள் எல்லாரும் ஒரே மண்டபத்தில் இருப்பார்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், அதற்கு எத்தனை ஏக்கர் செய்யலாம், வாய்க்காலில் முதல் தண்ணீர் எந்தத் திகதி, விதைப்புக்குக் கடைசி நாள் எது, எத்தனை மாத நெல், மாடுகளை எந்த நாளுக்கு முன் பட்டிக்குக் கொண்டு போகவேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தீர்மானிப்பார்கள். கோடையில் செய்கிற சிறுபோகத்தில் எல்லா வயலுக்கும் தண்ணீர் காணாது என்றால் பங்கு போடுவார்கள். சத்தம் போடுவார்கள், கோபித்துக்கொண்டு எழும்பிப் போகிறவர்களும் உண்டு. ஆனால் கூட்டம் வைத்த திகதியில் குளத்தின் துருசு (மதகு) திறந்தால், அதற்குப் பிறகு ஒரு கமக்காரனுக்குப் பொறுமையைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. கடன்பட்டு உழுவார், விதைப்பார், மூன்று மூன்றரை மாதம் பார்த்திருப்பார்.

ஐயாவிடம் ஒரு கொப்பி இருக்கிறது. ஒற்றை றூள் கொப்பி, மட்டை எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்துவிட்டது. இடதுபக்கம் திகதி, வலதுபக்கம் நடந்தது. "ஐப்பசி 4. முதல் மழை. மண் கால் சாண் நனைஞ்சுது." "ஐப்பசி 9. மேட்டுத்துண்டு உழவு. டீசல் கடன்." நடுவில் சில பக்கங்களில் பெட்டி கட்டி எழுதியிருப்பார். "ஐப்பசி 15க்குள் மழை பிடிச்சால் ஏ.ரி. 362. பிந்தினால் மூண்டு மாத நெல். காணாட்டில் கீழ்த்துண்டு மட்டும்." ஏ.ரி. 362 என்பது மூன்றரை மாத நெல்லினம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்ட மனிதர். உளவியலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

ஜேர்மன் உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990களில் இருந்து ஆராய்ந்து வருவது இந்தப் பெட்டிக்குள் இருக்கிற விஷயத்தைத்தான். நான் நல்லாய்ப் படிப்பேன், நான் உடம்பைக் குறைப்பேன் என்று இலக்கை மட்டும் எழுதுவதற்கும், இன்னது நடந்தால் இன்னதைச் செய்வேன் என்று நிலைமையையும் செயலையும் முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. 2006ல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது இரண்டாவது வகைத் திட்டம் போட்டவர்கள் எண்ணியதை முடிக்கும் வாய்ப்புத் தெளிவாகக் கூடியிருந்தது. காரணம் எளியது. நேரம் வந்து நிற்கும்போது உட்கார்ந்து யோசிக்கத் தேவையில்லை. யோசனை எப்போதோ முடிந்துவிட்டது. மழை பிந்தினால் என்ன செய்வது என்று மழை பிந்திய அன்றைக்கு யோசிக்கிறவர் அந்தப் போகத்தைத் தவறவிடுவார்.

சுவரில் இலக்கு ஒட்டச் சொல்கிற பேச்சாளர்களிடம் நான் வேண்டுவது இதுதான். "பொறியியலாளர் ஆவேன்" என்று எழுதி ஒட்டிய தாள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "பின்னேரம் கரண்ட் போனால் நிகழ்தகவை விட்டுவிட்டுச் சூத்திரங்களைப் பாடமாக்குவேன்" என்று எழுதிய ஒரு பிள்ளையைத்தான் பார்த்திருக்கிறேன். அந்தத் தாள் அவளுக்கு உதவியது.

இனி மாசி மாதத்துக்கு வருவோம். வன்னியில் வருடா வருடம் அந்த இனிப்புச் சோதனை நடக்கிறது என்றால் அது மாசியில்தான். காலபோக நெல் எல்லா வயலிலும் ஒரே நேரத்தில் விழும். அறுவடை இயந்திரம் வரம்பில் நிற்கும்போதே வியாபாரியின் லொறி வீதியில் நிற்கும். அப்போது விலை கீழே கிடக்கும். இரண்டு மாதம் பொறுத்தால் விலை ஏறும் என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் அநேகமானவர்கள் களத்திலேயே கொடுத்துவிடுகிறார்கள். நெல் சந்தைப்படுத்தும் சபைக்குக் கொடுப்பதென்றால் ஈரப்பதன் 14 வீதத்துக்கு இறங்கக் காய வைக்கவேண்டும். அதற்குத் தளம் வேண்டும், தறப்பாள் வேண்டும், இரவில் காவல் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உழவுக்கும் உரத்துக்கும் பட்ட கடன்காரர் வாசலில் நிற்கக்கூடாது. அடைவு வைத்த சங்கிலியின் தவணை முடிகிறது. கிழமைக் கடன் எடுத்த பெண்களுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை காசு கட்டவேண்டும். ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் பொறுப்பு. இந்த நிலையில் ஒரு தாய் ஈரநெல்லை விற்றால் அவருக்குத் தொலைநோக்கு இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்புச் செய்கையாளர்களுக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் அறிவுத்திறன் சோதனைகளைக் கொடுத்தார்கள். 2013ல் அது வெளிவந்தது. கரும்புக் காசு வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். வருவதற்கு முந்திய மாதங்கள் நெருக்கடியானவை. அதே மனிதர், அதே மூளை. அறுவடைக்கு முன் தடுமாறினார், அறுவடைக்குப் பின் நன்றாகச் செய்தார். காசு இல்லாத கவலை மனதில் ஓடிக்கொண்டிருக்கும்போது, திட்டமிடுவதற்கும் தன்னைக் கட்டுப்படுத்துவதற்கும் தேவையான இடம் அங்கே மிச்சமிருப்பதில்லை என்பது ஆய்வாளர்களின் விளக்கம். வெற்றியாளர்கள் தெளிவாக முடிவெடுக்கிறார்கள் என்று நாம் படிக்கிறோம். கடன் நெருக்காத தலை தெளிவாக முடிவெடுக்கிறது என்பதையும் அதற்குப் பக்கத்தில் எழுதவேண்டும்.

சொல் தவறுகிற பெரிய ஆள் நாட்டளவிலும் வந்து நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். 2021 சித்திரை, வைகாசியில் இரசாயன உரத்துக்கும் பூச்சிநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்தது. கார்த்திகையில் திரும்ப எடுத்தார்கள். அதற்கிடையில் காலபோக விதைப்பு முடிந்துவிட்டது. பத்து வருடம் முயன்று வயலைத் திருத்தியவர்கள் அந்த வருடம் மஞ்சளாகிப்போன பயிருக்கு முன்னால் நின்றார்கள். அவர்களுடைய பழக்கம் எதுவும் அந்தப் போகத்தில் மாறவில்லை. நேரத்துக்கு எழும்பினார்கள், நேரத்துக்கு உழுதார்கள்.

உழைப்புக்குத் துணைநிற்கிற வசதிகளையும் கொஞ்சம் யோசியுங்கள். பில் கேட்ஸின் கடும் உழைப்பைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். அவர் உழைத்தது உண்மை. 1968ல் சியாட்டில் நகரில் அவர் படித்த பாடசாலையின் தாய்மார் சங்கம் பழைய சாமான்களை விற்றுச் சேர்த்த காசில், கணினியோடு இணைக்கிற ஒரு கருவியையும் அதைப் பாவிக்கும் நேரத்தையும் வாங்கிக் கொடுத்தது. பெரும்பாலான பல்கலைக்கழக மாணவருக்கே கணினி எட்டாத காலம் அது. எங்கள் ஊர் மாதர் சங்கங்களும் இப்படித்தான் காசு சேர்க்கும். அதனால் அந்தத் தாய்மாரை நினைக்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். அந்தக் கதையில் நான் பிள்ளைகளுக்கு முதலில் சொல்வது அவர்களைப் பற்றித்தான்.

1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, தீப்பெட்டிக்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு வைத்து, கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டு எரிப்பார்கள். என்னுடைய மாமியும் அவருடைய தோழியும் ஒரே ஜாம் போத்தல் விளக்கில், ஒரே பாயில் இருந்து படித்தவர்கள். எண்ணெய் மிச்சம் பிடிக்க, ஒருவர் வாசிக்க மற்றவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாராம். மாமி 1995ல் சோதனை எழுதினார், ஆசிரியரானார். தோழி அடுத்த வருடம் எழுதவேண்டியவர். 1996 ஆடிக் கடைசியில் கிளிநொச்சி மீது இராணுவ நடவடிக்கை தொடங்கி ஊர் முழுக்க எழும்பியது. அவர் சோதனைக்குப் போகவேயில்லை. மாமியிடம் வெற்றியின் இரகசியம் கேட்டால் அந்த விளக்கைச் சொல்லமாட்டார். தோழியின் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருப்பார்.

வெற்றி பெற்றவரிடம் மட்டும் பழக்கத்தைக் கேட்டு எழுதினால் இதுதான் தவறும். அதே பழக்கத்தோடு நின்று, வேறு காரணத்தால் விழுந்தவரிடம் யாரும் கேட்பதில்லை. பல்கலைக்கழக அனுமதியில் 5 வீத இடங்களைக் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு ஒதுக்குகிறார்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா நான்கும் அதில் உண்டு. அதைப் பிச்சை போலப் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு நோகும். அனுமதியைத் தீர்மானிக்கிற இசட் புள்ளியில் தெரிவது பிள்ளையின் உழைப்பு மட்டுமா? இரண்டு வருடமாகப் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையும் அந்த இலக்கத்துக்குள்தான் இருக்கிறது.

அப்படியென்றால் பழக்கத்தால் பயனில்லையா என்று ஒரு மாணவன் என்னிடம் நேரே கேட்டான். "எல்லாம் இடத்தையும் காலத்தையும் பொறுத்ததெண்டால் நான் ஏன் சேர் படிக்கவேணும்?" நல்ல கேள்வி. நிலம் சரியில்லாத இடத்தில்தான் எந்த விதை உண்மையில் முளைக்கும் என்று கவனமாகப் பார்க்கவேண்டும் என்று அவனுக்குச் சொன்னேன். பயனில்லாத பழக்கத்தில் செலவழிக்க எங்களிடம் மிச்ச பலம் இல்லை.

ஐந்து மணிக்கு எழும்புவது அப்படிப்பட்ட ஒன்று. மாடு வைத்திருக்கிற வீட்டில் நாலு மணிக்கே எழும்புகிறார்கள். அதில் குறையும் இல்லை, மந்திரமும் இல்லை. பிள்ளைகள் செய்வது வேறு. இரவு 12 மணிவரை இருந்து, காலை 4 மணிக்கு அலாரம் வைத்து, மூன்று ரியூசனில் தூங்கி விழுகிறார்கள். பத்தாயிரம் மணித்தியாலம் பயின்றால் எவரும் வல்லுநர் ஆகலாம் என்ற பேச்சு எங்கிருந்து வந்ததோ, அந்த ஆய்வையே பாருங்கள். ஆண்டர்ஸ் எரிக்சனும் கூட்டாளிகளும் பேர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993ல் எழுதினார்கள். பத்தாயிரம் என்பது சிறந்த மாணவர்கள் 20 வயதுக்குள் பயின்ற நேரத்தின் சராசரி. தாண்டினால் கதவு திறக்கிற எல்லைக்கோடு என்று அவர்கள் சொல்லவில்லை. சிறந்த மாணவர்கள் ஒரு நாளைக்கு எட்டரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடவே நித்திரை கொண்டார்கள், பகலிலும் சிறுதூக்கம் போட்டார்கள் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அதை எந்த மண்டபத்திலும் நான் கேட்டதில்லை.

எரிக்சன் வலியுறுத்தியது நேரத்தை அல்ல, பயிற்சியின் தன்மையை. வராத இடத்தைக் கண்டுபிடித்து, அதிலேயே நின்று, பிழையை உடனே பார்த்துத் திருத்துவது. வகுப்பில் நான் பலகையில் கணக்குச் செய்யும்போது எல்லாருக்கும் விளங்கும். அது பயிற்சி அல்ல. கடந்தகால வினாத்தாளை நேரம் பிடித்துச் செய்து, புள்ளித்திட்டத்தைப் பக்கத்தில் வைத்து, எந்தப் படியில் புள்ளி போனது என்று சிவப்புப் பேனையால் தானே குறிப்பது பயிற்சி. இதற்குப் பெரிய ஆசிரியர் வேண்டாம், ஒரு தோழி போதும். ஆசிரியர் இல்லாத பாடசாலைப் பிள்ளைக்கு இதைவிட மலிவான உதவி எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, விட்டுப்போன நாளைப் பற்றிய பயம். லண்டன் யுனிவர்சிட்டி கொலிஜில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு புதிய பழக்கம் தானாக நடக்கிற அளவுக்கு ஊறச் சராசரியாக 66 நாள் எடுத்தது. ஆளுக்கு ஆள் 18 நாளில் இருந்து 254 நாள் வரை வித்தியாசம். ஒரு நாள் தவறவிட்டதால் பெரிய பாதிப்பு ஏதும் வரவில்லை. இந்தக் கடைசி வசனத்தை நான் என் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு வெள்ளம் வரும், வீட்டில் செத்தவீடு வரும், அறுவடைக்கு ஆள் காணாமல் வயலுக்கு இறங்கவேண்டி வரும். ஒரு கிழமை விட்டதும் எல்லாம் போச்சு என்று கொப்பியை மூடுகிறார்கள். முழுதாக நான்கு தரம் இடம்பெயர்ந்து திரும்ப வரம்பு கட்டிய தகப்பன்மாரின் பிள்ளைகள், விட்டுப்போன ஏழு நாளுக்காகப் படிப்பை விடக்கூடாது.

மனநிலை பற்றிய ஆய்வுகளிலும் நிலம்தான் திரும்ப வருகிறது. திறமை பிறவியில் நின்றுவிடுவதில்லை, முயற்சியால் வளரும் என்ற நம்பிக்கை படிப்புக்கு உதவும் என்று கரோல் டுவெக் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார். 2019ல் அமெரிக்கா முழுவதும் 12,000க்கு மேற்பட்ட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சோதித்தார்கள். ஒரு மணித்தியாலத்துக்கும் குறைந்த இணையப் பாடம். பின்தங்கியிருந்த பிள்ளைகளின் தரப்புள்ளி 0.1 அளவு ஏறியது. செலவோடு ஒப்பிட்டால் அது சிறிய விஷயமில்லை. எந்தப் பாடசாலையில் கூடப் படிக்கிற பிள்ளைகளிடமும் கடினமான கணக்கைத் தேடிச் செய்கிற பழக்கம் இருந்ததோ, அங்கேதான் அந்த ஏற்றம் தெளிவாக நின்றது. மனதுக்குள் போட்ட விதைக்குப் பக்கத்து வாங்கில் இருக்கிற பிள்ளையும் தண்ணீர் ஊற்றவேண்டியிருக்கிறது. அதனால் நான் இப்போது ஒரு பிள்ளையைத் தனியே கூப்பிட்டு ஊக்கம் சொல்வதைக் குறைத்துவிட்டேன். நாலு பேராக இருத்தி, ஒருவருடைய தாளை மற்றவர் திருத்தப் பண்ணுகிறேன்.

என்னால் செய்யக்கூடியது இன்னும் ஒன்று இருக்கிறது. செவ்வாய்க்கிழமை தாள் தருவேன் என்றால் செவ்வாய்க்கிழமை கொடுக்கிறேன். முந்தி இதை நான் பெரிதாக எடுத்ததில்லை. வேலை கூடினால் அடுத்த கிழமைக்குத் தள்ளுவேன். அந்த 28 பிள்ளைகளைப் பற்றி வாசித்த பிறகு, கலர்ப் பென்சில் இல்லாமல் திரும்பி வந்த ஆளாக நான் எத்தனை தரம் வகுப்புக்குள் போயிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

போன காலபோகத்தில் ஐயாவுக்கு ஒன்று வாய்த்தது. உரக்கடன் இல்லை, தம்பி அனுப்பிய காசில் உழவு முடிந்தது. கூட்டத்தில் சொன்ன நாளில் தண்ணீர் வந்தது. மாசியில் லொறி வந்து நின்றபோது அரைவாசியைக் கொடுத்துவிட்டு, பத்து மூடையைக் காயவைத்து அறைக்குள் அடுக்கினார். சித்திரை வருடப்பிறப்பு முடிந்தபின் விற்றார். கொப்பியில் இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கீழே ஒரு கோடு போட்டிருந்தார். அவருக்கு இப்போது 71 வயது. அறுவடை நெல்லை அவர் பொறுத்து விற்றதை நான் கண்டது அதுதான் முதல் தடவை.

விதைநெல் அதில் சேராது. அது இரண்டு மூடை, மரக்குற்றிக்கு மேல், சுவரில் ஈரம் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறார். நான் வீட்டுக்குப் போன அன்று, அம்மா குனிந்து அந்த மூடையின் வாய்க்கட்டை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தார்.